புது லோகோ வந்ததும் பழசை ஓரங்கட்டலாமா? (வாசகர் கேள்வி-பதில்)

அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக், டீசல் லோகோக்களை மாற்றிவருவது குறித்து வந்த கேள்விகள் இம்முறை. இழுக்கும் வண்டியை 'லோகோ' என்றும், அதற்குள் இருக்கும் டீசல் யந்திரத்தை 'இன்ஜின்' என்றும் எழுதியிருக்கிறோம். இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் பாதி பதில் குழம்பிவிடும்.

கேள்வி: பழைய பி42 லோகோவுக்கு 4,250 குதிரைத்திறன். அதற்குப் பதிலாக வரும் ஏஎல்சி-42க்கு 4,200தான். காசையும் கொடுத்து சக்தியையும் குறைத்துக்கொள்வார்களா?

பதில்: அந்த 4,250 முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பயணிகள் லோகோவுக்கு இழுவை ஒரு வேலை. பெட்டிகளின் விளக்கு, ஏசி, ஹீட்டர், சமையலறை எல்லாவற்றுக்கும் 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மும்முனை மின்சாரம் கொடுப்பது இன்னொரு வேலை. பி42 அதிகபட்சம் 800 கிலோவாட் வரை கொடுக்கும். அதுவே 1,070 குதிரைத்திறனுக்குக் குறையாது, இழப்புகள் தனி. போதாததற்கு, இந்த மின்சாரத்தின் அலைவெண் (60 ஹெர்ட்ஸ்) இன்ஜின் சுற்றைப் பொறுத்தது; அது பிசகக் கூடாது என்பதால் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றிலேயே ஓட வேண்டும். இழுவை இல்லாமல் நிற்கும்போது மட்டும் 720க்கு இறக்கலாம். ஏஎல்சி-42 இதே மின்சாரத்தை இன்வெர்ட்டர் வழியாகத் தருவதால், இன்ஜின் எந்தச் சுற்றில் ஓடினாலும் அலைவெண் மாறாது. நிலையத்தில் நிற்கும்போது கத்தலும் குறைவு, டீசலும் மிச்சம்.

அடுத்தது மோட்டார். பி42இன் நான்கு அச்சுகளிலும் டிசி (நேர்மின்) மோட்டார்கள். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேயும், அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும், அவ்வப்போது திறந்து பார்த்தே ஆக வேண்டும். புதியதில் ஏசி (மாறுமின்) மோட்டார். பிரஷ் என்ற பேச்சே இல்லை. அதிகபட்ச வேகமும் 177 கி.மீ.யிலிருந்து 201 கி.மீ. ஆகிறது.

இத்தனையும் ஒருபுறம் இருக்க, பழைய மாதிரியையே திரும்ப வாங்க நினைத்தாலும் முடியாது. 2015 முதல் புதிதாகக் கட்டும் லோகோக்களுக்கு 'டியர் 4' புகை விதி வந்துவிட்டது. ஒரு குதிரைத்திறன்-மணிக்கு நைட்ரஜன் ஆக்சைடு 1.3 கிராம், புகைத்துகள் 0.03 கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. 1996-2001இல் கட்டிய பி42 இந்தக் கணக்குக்குள் அடங்காது.

கேள்வி: புது லோகோவில் டீசலோடு யூரியாவும் ஊற்றுகிறார்களாமே?

பதில்: டீசலோடு அல்ல, தனித் தொட்டியில். 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான நீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் அம்மோனியா பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும்.

தொல்லை இரண்டு இடத்தில் வரும். இந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறைந்துபோகும். ஏஎல்சி-42 முதன்முதலாகப் பயணிகளை இழுத்தது 2022 பிப்ரவரியில், சிகாகோவிலிருந்து வடக்கு டகோட்டா, மொன்டானா வழியாகப் போகும் எம்பயர் பில்டரில். அந்தப் பக்கத்துக் குளிருக்கு மைனஸ் 11 எல்லாம் சாதாரணம். அதனால் தொட்டி, குழாய், தெளிப்பான் மூன்றையும் சூடாக வைத்திருந்தாக வேண்டும். இரண்டாவது, லோகோவை மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டால் புகையின் சூடு இறங்கிவிடும். தெளித்த யூரியா ஆவியாகாமல், தெளிப்பான் மூக்கிலும் குழாய் வளைவிலும் வெள்ளை உப்பாகப் படியும். குளிர்கால இரவு முழுக்க இன்ஜினை அணைக்காமல் விடுவது பழைய லோகோவில் நல்ல பழக்கம். இதில் அதுவே வினை.

கேள்வி: வயது மூத்ததைத்தானே முதலில் கழிப்பார்கள்?

பதில்: அப்படித்தான் என்று நினைப்போம். ஆம்ட்ராக்கின் மின்சார லோகோக்கள் ஓடும் வடகிழக்குப் பாதையில் (வாஷிங்டன்-நியூயார்க்-பாஸ்டன்) நடந்தது வேறு. ஏஇஎம்-7 மின் லோகோக்கள் 1970களின் கடைசியிலிருந்து வந்தவை. ஆம்ட்ராக்கிடம் 54 இருந்தன. எச்எச்பி-8 சுமார் இருபது ஆண்டு இளையது, 8,000 குதிரைத்திறன், ஆனால் 15 மட்டுமே. இரண்டுக்கும் பதிலாக 70 ஏசிஎஸ்-64 லோகோக்கள் 2014 பிப்ரவரியிலிருந்து ஓடத் தொடங்கின. முதலில் வெளியேறியது இளைய எச்எச்பி-8. கிழட்டு ஏஇஎம்-7 2016 ஜூன் வரை தாக்குப்பிடித்தது.

பதினைந்தே லோகோ என்றால், அதற்கென்று தனி உதிரிபாகக் கிடங்கு, தனிப் பயிற்சி, தனிச் சோதனைக் கருவி எல்லாம் அந்தப் பதினைந்தின் தலையில் விழும். ஒரு சர்க்யூட் கார்டு கிடைக்காவிட்டாலும் லோகோ பட்டறையில் நிற்கும். கழிக்கும் பட்டியல் போடும்போது பிறந்த ஆண்டைவிட, ஒவ்வொரு வண்டியும் மாதத்தில் எத்தனை நாள் ஓடியது என்பதைப் பார்ப்பதே சரி. பெரிய பழுதுபார்ப்போ சக்கர மாற்றமோ எதற்கு நெருங்குகிறதோ, அதை அந்தச் செலவுக்கு முன் நிறுத்துவார்கள். 92 நாளுக்கு ஒருமுறையும் 368 நாளுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்வது அமெரிக்க விதிப்படி கட்டாயம் என்பதால், அந்தத் தேதிகளும் இதில் சேரும்.

கேள்வி: ஒரு புதுசுக்கு ஒரு பழசு என்று கணக்குப் போடலாமா?

பதில்: போடலாம், போட்டால் ரயில் ரத்தாகும். கால அட்டவணைக்குத் தினமும் 100 லோகோ தேவை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 85 ஓடும் நிலையில் இருந்தால் கையில் 118 வேண்டும். 70தான் ஓடும் என்றால் 143. புது லோகோவை முதல் ஆண்டில் 70 என்றே வைத்துக்கொள்வது நல்லது: மென்பொருள் கோளாறு, சென்சார் பொய்ச் செய்தி, பட்டறை ஆட்களுக்குக் கை பழகாமை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆகவே பழசை ஒரேயடியாக வெட்டாமல், கொஞ்சத்தை எண்ணெய் போட்டு, பேட்டரி ஏற்றி, கூப்பிட்டால் வரும்படி நிறுத்திவைக்க வேண்டும். ஆம்ட்ராக்கும் 2018 டிசம்பரில் 75 ஏஎல்சி-42 கேட்டு, பிறகு 50 சேர்த்து 125 ஆக்கியது.

கேள்வி: புதியதையும் பழையதையும் ஒரே ரயிலில் பூட்ட முடியுமா?

பதில்: முடியும். 27 முனை கட்டுப்பாட்டுக் கேபிள் இரண்டுக்கும் பொது. ஒரு குறை: பின் லோகோவில் கோளாறு என்றால் அந்தக் கேபிள் வழியே மணி அடிக்கும், காரணம் வராது. யாராவது போய் அதன் திரையில் பார்க்க வேண்டும்.

பூட்டும்போது அதிகம் காலை வாருவது பெட்டி மின்சாரக் கேபிள்தான். ஒவ்வொன்றிலும் மூன்று தடித்த கம்பி, மூன்று மெல்லிய கம்பி. மெல்லியவை ரயில் நெடுக ஓடி, கடைசிப் பெட்டியில் மடித்துச் செருகிய கேபிள் வழியே வட்டத்தை மூடும். வட்டம் மூடினால்தான் லோகோ மின்சாரம் விடும். எங்கோ நடுவில் ஒரு பிளக் அரை அங்குலம் உட்காராமல் நின்றால் போதும், ரயில் முழுக்க இருட்டு. கோளாறு லோகோவில் என்று அடித்துச் சொல்வதற்கு முன், கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிளக்கையும் அமுக்கிப் பார்க்கவும். மின்சாரத்தை நிறுத்தி உறுதிசெய்யாமல் எதையும் உருவக் கூடாது. 480 வோல்ட்டில் பொறி பறந்தால் கை போகும்.

கேள்வி: கழித்த லோகோ நேரே காயலாங்கடைக்கா?

பதில்: அதற்கு முன் டீசல், இன்ஜின் எண்ணெய், குளிர்நீர் வடிப்பார்கள். பேட்டரி, ரேடியோ, பதிவுக் கருவி, ரயில் பாதுகாப்புக் கணினி இறங்கும். பிறகு டர்போ, மோட்டார்கள், சக்கர அச்சுகள், ஆல்டர்னேட்டர் ஆகியவை இன்னும் ஓடும் சகோதரர்களுக்குப் போகும். பி42இன் மூக்கே போல்ட் போட்டுக் கழற்றும்படி செய்தது. மோதி நசுங்கியவற்றுக்கு அது உதவும். புதிய ஏஎல்சி-42க்கு இந்தப் பாகங்களில் ஒன்றும் பொருந்தாது.

முழுதாகப் பிழைத்தவையும் உண்டு. பி42க்கு முந்தைய டீசல் மாதிரியான எஃப்40பிஎச் லோகோக்கள் சிலவற்றின் இன்ஜினை எடுத்துவிட்டு, பக்கத்தில் சுருள் கதவு வைத்து, சரக்கும் ஓட்டுநர் அறையும் சேர்ந்த வண்டியாக்கினார்கள். ரயிலின் மறுமுனையில் நின்று, பின்னாலிருந்து தள்ளும் லோகோவை இயக்கும். 1973-74இல் வாங்கிய 150 எஸ்டிபி40எஃப் டீசல் லோகோக்கள், பெட்டிகளை நீராவியால் சூடாக்கும்படி கட்டியவை; தடம்புரளல்களாலும், மின் ஹீட்டர் பெட்டிகள் வந்ததாலும் சீக்கிரமே மவுசு போனது. அவற்றில் 18ஐ 1984இல் சாண்டா ஃபே ரயில்வேயிடம் கொடுத்து, யார்டில் பெட்டிகளை நகர்த்தும் வேலைக்கு 43 சிறு லோகோக்களை மாற்றாக வாங்கிக்கொண்டது ஆம்ட்ராக்.