ஆங்கில ஐயங்கள்: அட்வைஸ் எந்த எழுத்தில் முடியும்?

கேள்வி: அலுவலகக் கடிதத்தை 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று முடிக்கும்போதெல்லாம் இறுதியில் சி போடுவதா, எஸ் போடுவதா என்று தடுமாறுகிறேன். பிரின்சிபல், ஸ்டேஷனரி ஆகியவற்றிலும் இதே குழப்பம். ஒலி ஒன்றாகவே இருக்கையில் எப்படிப் பிரித்தறிவது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கும் சொற்கள் இரு வேறு வகையைச் சேர்ந்தவை. பிரின்சிபல், ஸ்டேஷனரி ஆகியவற்றின் இரு வடிவங்களையும் ஆங்கிலேயரும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கின்றனர். அட்வைஸ் அப்படிப்பட்டதன்று. 'அறிவுரை' என்னும் பெயர்ச்சொல் சி-ஈ என முடியும். 'அறிவுரை கூறு' என்னும் வினைச்சொல் எஸ்-ஈ என முடியும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: பெயர்ச்சொல்லின் இறுதியில் வெறும் காற்று மட்டுமே வெளிப்படும், வினைச்சொல்லின் இறுதியிலோ, வரிக்குதிரையைக் குறிக்கும் 'ஸீப்ரா'வின் முதல் ஒலியில் உள்ள அதே அதிர்வு விரலுக்குத் தெரியும். அந்த ஒலிக்குத் தமிழில் தனியெழுத்து இல்லாததால் இரண்டையும் 'ஸ்' என்றே எழுதுகிறோம், அப்படியே பேசியும் விடுகிறோம். உங்கள் கடிதத்தில் வரவேண்டியது வினைச்சொல், ஆகவே எஸ். 'லூஸ்' என்பதற்கும் இதே சோதனை பொருந்தும்: அதிர்வுடன் ஒலிப்பது 'இழத்தல்', அதற்கு ஒரே ஓ, அதிர்வில்லாதது 'தளர்ந்த', அதற்கு இரண்டு ஓ.

நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில், ஒலி வேறுபடாத பிராக்டிஸ், லைசென்ஸ் ஆகிய சொற்களுக்கும் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ் என்னும் விதி செல்லும். ஓட்டுநர் உரிம அட்டையில் லைசென்ஸ் சி-ஈ என முடிந்திருப்பதைக் காணலாம். அமெரிக்கர் இவ்விதியைக் கைவிட்டுவிட்டனர்.

மற்றவற்றுக்குக் காது உதவாது. பொருளைத்தான் பார்க்க வேண்டும். கல்லூரி முதல்வர், கடனின் அசல், 'முதன்மையான' ஆகிய எல்லாவற்றுக்கும் ஏ-எல் என முடியும் பிரின்சிபலே உரியது. எல்-ஈ என முடிவது கொள்கையை, கோட்பாட்டை மட்டுமே குறிக்கும். ஸ்டேஷனரியில் ஏ-ஆர்-ஒய் என முடிவது அசையாது நிற்பதைக் குறிக்கும். ஈ-ஆர்-ஒய் என முடிவது எழுதுபொருள். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதுதான் சுவையான செய்தி: ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த புத்தக வணிகரையே ஐரோப்பாவில் ஸ்டேஷனர் என்றனர். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403-இல் தோன்றி, 1557-இல் அரச சாசனம் பெற்றது.

கேள்வி: ஒரே ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் ஏன்?
- வாசகர், விருதுநகர்

பதில்: பல இணைகளில் ஒலி முன்பு ஒன்றாக இருக்கவில்லை. வீரனைக் குறிக்கும் 'நைட்'டின் முதலெழுத்தான கே அக்காலத்தில் ஒலிக்கப்பட்டது. இரவைக் குறிக்கும் 'நைட்'டில் கே என்றுமே இருந்ததில்லை. ஈ-ஏ என எழுதப்படும் 'கடல்', இரட்டை ஈ-யுடன் எழுதப்படும் 'பார்' என்னும் இரண்டு 'சீ'க்களும் வெவ்வேறு நெட்டுயிர்களைக் கொண்டிருந்தன. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெறத் தொடங்கியது; உச்சரிப்போ அதன் பின்னும் மாறிக்கொண்டே சென்றது.