‘செக்’ என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

கேள்வி: பேங்க் செக், செக் சட்டை, செஸ்ஸில் ராஜாவுக்கு வைக்கும் செக், ‘ஒரு தடவை செக் பண்ணிடுங்க’ என்பதில் வரும் செக். இவை ஒலியில் மட்டும் ஒத்த வேறு வேறு சொற்களா? ஆங்கிலத்தில் இப்படி வருபவை எல்லாமே ஒரே சொல்தானா?

முதலில் செக். நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். அந்தத் தாய் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல். அரசன் என்று பொருள்.

நான் வங்கியில் கிளியரிங் பிரிவில் பல வருடம் இருந்தவன். காலையில் உட்கார்ந்தால் தேதி, தொகை, கையெழுத்து என்று ஒவ்வொரு செக்காகச் செக் பண்ணுவதுதான் வேலை. மகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தபோது, “ராஜாவை அடிக்க வந்தா எதுக்குப்பா செக்குன்னு சொல்லணும்?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இவை.

ஆட்டம் இங்கிருந்து போனது. சதுரங்கம் என்றால் நான்கு அங்கம்: யானை, குதிரை, தேர், காலாள். பாரசீகத்தில் அது சத்ரங் ஆனது, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது பாரசீகர்கள் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பார்கள். ‘உன் ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை அது. அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்தக் குரல், லத்தீனில் ஸ்காக்கஸ் என்றும் பழைய பிரெஞ்சில் எஸ்செக் என்றும் உருமாறி, ஆங்கிலத்தில் தலைப்பகுதி உதிர்ந்து செக் ஆனது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் செஸ். நாம் படையின் பெயரால் அழைத்த ஆட்டத்தை அவர்கள் அரசனின் பெயரால் அழைக்கிறார்கள்.

செக்மேட் என்பது ‘ஷா மாத்’. ‘அரசன் இறந்தான்’ என்று பலரும் பொருள் சொல்வார்கள். ஆனால் பாரசீகத்தில் மாத் என்றால் திகைத்து, வழியற்று நிற்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே, அவர் நகர இடமில்லாமல் நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது.

சரி, பலகையிலிருந்து இந்தச் சொல் எப்படி வெளியே வந்தது? செக் வைத்துவிட்டால் எதிராளி மற்ற திட்டங்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் தடுப்பது, ஓட்டத்தை நிறுத்துவது என்ற பொருள் வந்துவிட்டது. ‘எதிரணிக்குச் செக் வைத்தார்’ என்று நம் பத்திரிகைகள் தலைப்புப் போடுகின்றனவே, அதில் இந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. தடுப்பதிலிருந்து கட்டுக்குள் வைப்பது, அதிலிருந்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தக் கடைசிப் பொருள் 17ஆம் நூற்றாண்டின் முடிவில்தான் வருகிறது. செக்போஸ்ட்டை நினைத்துப் பாருங்கள், நிறுத்துவதும் சோதிப்பதும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

அடுத்துச் சொல்லப்போவது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். பழைய பிரெஞ்சில் செஸ் பலகைக்கு எஸ்செக்கியே என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசருக்கான வரியை வசூலித்த அதிகாரி ஷெரீப். ஈஸ்டரை ஒட்டியும் செப்டம்பர் கடைசியிலும் அவர் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ரோமன் எண்களை வைத்துக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. அதனால் சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள மேசையில் கோடு போட்ட கறுப்புத் துணியை விரித்து, பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு என்று கட்டம் கட்டமாகக் காய்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். செஸ் பலகை மாதிரி இருந்ததால் அந்த மேசைக்கும் அதே பெயர், பிறகு கருவூலத்துக்கே அந்தப் பெயர்: எக்ஸ்செக்கர். அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்தார். செஸ்ஸில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரீப்பும் மோதுகிறார்கள் என்கிறார். கணக்கு மேசைக்கு இருபக்கமும் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான்.

சட்டையும் இந்தப் பலகை வழியாக வந்ததுதான். கட்டம் போட்ட துணி பலகையைப் போல் இருந்ததால் செக்கர், சுருக்கமாகச் செக். தமிழிலும் செஸ் பலகையில் இருப்பது கட்டம், சட்டையில் இருப்பதும் கட்டம். யாரிடமும் கடன் வாங்காமல் நாமும் அதே ஒப்புமைக்கு வந்திருக்கிறோம்.

பேங்க் செக் பிறந்தது ‘சரிபார்ப்பது’ என்ற பொருளிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் நாம் எழுதிக் கிழித்துக் கொடுக்கும் தாள் அல்ல, வங்கிச் சீட்டின் அடிக்கட்டை. சீட்டு திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்து மோசடியைப் பிடிப்பார்கள். காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் சீட்டுக்கே வந்துவிட்டது. எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் இதன் கடைசியில் ‘க்யூ, யூ, ஈ’ சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் பழையபடி ‘சி, கே’யோடு நிறுத்திக்கொண்டார்கள். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடு மறைந்து, நான்கும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன.

அப்புறம், ஒரே ஒலியில் வரும் எல்லாமே ஒரே சொல்லா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கிரிக்கெட் பேட்டும் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் உறவே இல்லாதவை. முதலாவது தடி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். இரண்டாவது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ‘பக்கே’ என்று வந்து, நாளடைவில் ஒலி திரிந்து பேட் ஆனது.