தாழ்ப்பாள்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதமாகக் காலையில் கொடுத்தனுப்புகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். திட்டுவேன். போன வாரம் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து டாக்டரிடம் போனால், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றார். பள்ளியில் பாத்ரூமுக்கே போவதில்லையாம். கதவில் தாழ்ப்பாள் இல்லையாம். இதை என் மாமியாரிடம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் "சொன்னேனேம்மா" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், ஒருமுறை சொன்னாள். தண்ணீர் குடிக்காததற்குச் சாக்கு என்று நினைத்துவிட்டேன். இத்தனைக்கும் தினமும் "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" என்று கேட்கிற அம்மா நான். "ஒண்ணுமில்ல" என்பாள். அவளை மனம்விட்டுப் பேசவைக்க என்ன செய்யலாம்? கவுன்சிலிங் கூட்டிப் போகலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இதற்கெல்லாம் கவுன்சிலிங் தேவைப்படாது. அவள்தான் பேசிவிட்டாளே.

என் வீட்டுக் கதை ஒன்று. மகன் சின்ன வயதில் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பான். "வாய் அரிக்குது" என்பான். எங்கள் ஊர்ப்பக்கம் எண்ணெய்க் கத்தரிக்காயை ஒதுக்குகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். சாக்குச் சொல்லாமல் சாப்பிடு என்று இரண்டு வருடம் ஊட்டினோம். ஒருநாள் உதடு வீங்கிவிட்டது. டாக்டர் எங்களை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார்: "கத்தரிக்காய் சாப்பிட்டா என்னடா பண்ணும்?" "வாய் அரிக்கும்." அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு வருடமாக நாங்கள் கேட்ட அதே சொல்தான்.

பிள்ளைகளிடம் சொல் கொஞ்சம். அலங்காரம் பண்ணத் தெரியாது, ஆதாரம் காட்டத் தெரியாது. பல சமயம் ஒரே ஒருமுறை, நாம் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும்போது சொல்வார்கள். நாம் அதைச் 'சாக்கு' என்ற மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். 'சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை' என்று ஊரெல்லாம் மெச்சுகிறோம். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிற அப்பா என்று யாரையும் மெச்சி நான் கேட்டதில்லை. மழலைச்சொல் கேளாதவர்தான் குழலும் யாழும் இனிது என்பார்கள் என்ற குறளை மட்டும் காதுகுத்து வீட்டு பேனர்வரை போடுகிறோம். அந்த மழலை தேய்ந்து, பிள்ளை திருத்தமாக "தாழ்ப்பாள் இல்லை" என்று சொல்லும் வயதில் நமக்குக் காது மந்தமாகிவிடுகிறது.

அந்த முருங்கைக்கீரையைக் கவனித்தீர்களா? எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பாட்டி அவளை எதுவும் கேட்டிருக்க மாட்டார். இருவர் கண்ணும் முறத்தில் இருந்திருக்கும். நீங்களோ வாசலில் பையை வாங்கும்போதே விசாரணையைத் தொடங்கிவிடுகிறீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் வாங்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டு விஷயம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் போலீசுக்கே சீருடையைக் கழற்றச் சொல்கிற நாட்டில், நாம் வீட்டுக்குள் அம்மா, அப்பா என்ற சீருடையை மாட்டிக்கொண்டுதான் பிள்ளையிடம் பேசுகிறோம்.

இன்னொன்று: அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்று ஒரு டாக்டர் இருந்தார். வார்சாவில் 1912 முதல் யூதக் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒன்றை நடத்தியவர். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள்மீதும் வழக்குப் போடலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை தன்மீது தானே வழக்குப் போட்டுக்கொண்டார் கோர்ச்சாக். அதில் ஒன்று, ஒரு சிறுமிமீது திருட்டுச் சந்தேகம் கொண்டதற்காக. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்ப வழியிருந்தும் அவர்களோடு போனார். அந்த முடிவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஐந்து வழக்குகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. நீங்கள் வழக்கெல்லாம் போட வேண்டாம். "நீ அன்னைக்கே சொன்ன, அம்மாதான் காதுல வாங்கல" என்றால் போதும். அப்புறம் வெங்காயமோ வேர்க்கடலையோ உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், அதுதான் கஷ்டம்.

கேரளப் பள்ளிகளில் 2019இல் 'வாட்டர் பெல்' கொண்டுவந்தார்கள், மணி அடித்தால் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று. நல்ல ஏற்பாடு. ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போவது என்பது உங்கள் மகளைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அவளோடு படிக்கும் மற்ற பெண்களின் பாட்டிலும் நிறைந்தபடியே திரும்புகிறதா என்று அந்த அம்மாக்களிடம் விசாரியுங்கள். இரண்டு மூன்று பேராகத் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். ஒரு தகவல் மட்டும் அதில் இல்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா?