மே மாத வகுப்புக்கு யார் பணம் தருவார்கள்?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் வியாசர்பாடியில் இரண்டு வருடமாக மே மாதத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் 40 பேருக்கு வாசிப்பு, கணக்கு, கேரம் என்று காலை வகுப்பு நடத்துகிறோம். செலவெல்லாம் கைக்காசு. பதிவு எதுவும் இல்லை. நிதி யாரிடம் கேட்கலாம்? பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஏதாவது அங்கீகாரம் கிடைக்குமா?

பதில்: மே மாத வெயிலில் இரண்டு வருடம் விடாமல் நடத்தியிருக்கிறீர்களே, அதற்கே முதலில் வணக்கம்.

வடசென்னையில் யாரைக் கேட்டாலும் "கம்பெனிக்காரங்ககிட்ட போய்க் கேளுங்க" என்பார்கள். நியாயம்தான். மணலியில் சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்டும் காமராஜர் துறைமுகமும், திருவொற்றியூரில் எம்ஆர்எஃப் என்று சுற்றிலும் இருக்கின்றன. கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுவரவோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் (சுருக்கமாக சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. கல்வியும் அந்தப் பணிகளில் ஒன்று.

ஆனால் அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ வருமான வரித்துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லப்படும் அனுமதிகள் இருக்க வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். இன்றைக்கு நீங்கள் நேராகப் போய் நின்றால், மனசு இருக்கிற அதிகாரியால்கூட உங்களுக்குக் காசோலை எழுத முடியாது. அதனால் மனம் உடைய வேண்டாம், இரண்டு வழி இருக்கிறது. நோட்டு, புத்தகம், கேரம் போர்டு போன்றவற்றை நிறுவனமே நேரடியாக வாங்கித் தரும்படி கேட்கலாம். அல்லது உங்கள் பகுதியில் ஏற்கெனவே இந்தத் தகுதிகள் உள்ள ஒரு அறக்கட்டளையின் திட்டமாக உங்கள் வகுப்பை நடத்தலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஆனால் பணம் யார் கணக்கில் வரும், பில் யாரிடம் இருக்கும், வகுப்பு யார் பெயரில் நடக்கும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்பாகத் தொடங்குவதுதான் பிற்பாடு கசக்கிறது.

கூடவே உங்கள் பதிவையும் தொடங்குங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் வைக்க ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளைக்கு நீங்கள் நால்வரே போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதியலாம். அப்புறம் பான், வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி என்று வரிசையாகப் போகும். கணக்கு தொடங்கியதும் யாருடைய சொந்த ஜிபேயிலும் நன்கொடை வாங்காதீர்கள். 80ஜி வந்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வரிச்சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படித் தந்தாலும் இல்லை. அதனால் வரிச்சலுகையைச் சொல்லிப் பணம் கேட்பதைவிடப் பிள்ளைகளைச் சொல்லிக் கேளுங்கள். துபாயில் இருக்கும் மாமா இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் வாங்க எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். இல்லாமல் வாங்குவது குற்றம்.

எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளுக்குத்தான். கட்டடம் கேட்கலாம், சுண்டல் செலவுக்குக் கேட்க முடியாது.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். பல வருடம் முன்பு நாங்கள் நடத்திய வகுப்புக்கு உதவி கேட்டு ஒரு நிறுவனத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மா வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். முப்பது நாளும் ஒரே நீல மை, ஒரே கை, ஒருத்தர்கூட லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் போட்டிருந்தோம். நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, "டீ சாப்பிடுறீங்களா?" என்றார். வகுப்பு நிஜமாகவே நடந்தது; ஆனால் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து நிரப்பிய அந்த நோட்டை வைத்து அதை யார் நம்புவார்கள்?

ஆகவே இந்த மே மாதம் தினமும் பேர் எழுதுங்கள், வராதவருக்கு 'வரவில்லை' என்றே எழுதுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'ஏசர்' கல்வி ஆய்வில் பயன்படுத்தும் வாசிப்புத் தேர்வுத்தாள் தமிழில் கிடைக்கிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். மே 2 அன்று எழுத்தில் நின்ற பெண் மே 28 அன்று பத்தி வாசித்தாள் என்று தேதியோடு எழுதிய ஒரு வரி, பத்துப் பக்க விண்ணப்பத்துக்குச் சமம். பில்களை ஒரு கவரில் போட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் என்ன செலவு என்று கணக்குப் போடுங்கள். பணம் தருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

எப்போது கேட்பது? ஏப்ரலில் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது; அடுத்த ஆண்டுப் பணம் எதற்கு என்பதைப் பெரும்பாலும் அதற்கு முன்பே யோசித்துவைத்திருப்பார்கள். அடுத்த மே மாதத்துக்கு இந்த வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே போய்விடுங்கள். ரோட்டரி சங்கங்களின் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. புதுத் தலைவர் பொறுப்பேற்பதற்கு முன் ஜூனிலேயே பாருங்கள்.

சரி, அங்கீகாரம். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலரைப் பாருங்கள். என்எஸ்எஸ் மாணவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் உங்கள் வகுப்பில் கற்றுத்தருவதும் அந்தக் கணக்கில் சேர வழியுண்டு. உங்களுக்கும் ஆள் கிடைக்கும். உங்களில் 15 முதல் 35 வயதுக்குள் இருப்பவர், சுதந்திர தினத்தன்று வழங்கப்படும் முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஆதாரம் நீங்கள் தினமும் எழுதும் அந்த வருகை நோட்டுதான்.

பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுங்கள். 'கலந்துகொண்டார்' என்று மட்டும் அச்சடிக்காமல், 'மே மாதத்தில் பன்னிரண்டு கதைகள் வாசித்தார்' என்று அவரவர் செய்ததைக் கையால் எழுதுங்கள். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து, அவர் கையெழுத்தோடு, பெற்றோர் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள்.