இரண்டு பிளக் இருந்தும் எஞ்சின் நிற்கும்: வாங்கெல் எஞ்சினுக்கு இக்னிஷன் அமைப்பது எப்படி

கேள்வி: இரண்டு பேர் அமரும் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். மஸ்டா 13பி ரோட்டரி (வாங்கெல்) எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர் சுழல்வது; டர்போ இல்லை, கியர் குறைப்பு 2.85-க்கு 1. ஒவ்வொரு ரோட்டருக்கும் ஏற்கெனவே இரண்டு பிளக் இருப்பதால் இக்னிஷன் இரட்டையாகிவிட்டது என்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டர் நான்கு காயிலையும் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) ஓட்டினால் போதாதா? கார் காயில் தாங்குமா? டைமிங், அதாவது பொறி விழும் நேரம், எவ்வளவு வைப்பது?

பதில்: போதாது. பிளக் இரண்டுதான், ஆனால் அந்த இரண்டுக்கும் ஒரே சென்சார், ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஃபியூஸ், ஒரே எர்த் போல்ட் என்றால் உங்களிடம் இருப்பது நான்கு வாய் உள்ள ஒற்றை இக்னிஷன். ஒரு பிளக் செத்தால் எஞ்சின் கொஞ்சம் சோர்ந்து ஓடும். எர்த் போல்ட் தளர்ந்தால் நான்கும் ஒரே நொடியில் நிற்கும். ஆகவே வரைபடத்தை எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து பிளக் வரை விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் எங்கெல்லாம் ஒரே கம்பியில் போய் நிற்கிறதோ, அங்கெல்லாம் வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் எஞ்சினின் கணக்கு. ரோட்டருக்கு மூன்று முகங்கள். அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (பிஸ்டன் எஞ்சினின் கிராங்க் போன்ற முக்கியத் தண்டு) மூன்று சுற்றுச் சுற்றிவிடும். அதாவது ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு எரிப்பு; இரண்டு ரோட்டருக்கும் இடையே 180 டிகிரி. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி விட்டால் போதும். இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் விட வேண்டும். 6000 ஆர்பிஎம்-இல் நொடிக்கு 100 முறை. காம்ஷாஃப்ட் இல்லாததால் எது கம்ப்ரஷன், எது எக்ஸாஸ்ட் என்று பிரித்தறிய இரண்டாவது சென்சார் தேவையில்லை. அது நமக்கு லாபம். காயிலுக்கும் பிளக்குக்கும் ஓய்வு பாதியாகிவிடுகிறதே, அது நஷ்டம்.

அடுத்து லீடிங், ட்ரெயிலிங் விஷயம். இந்த இரண்டு பிளக்கும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல. சுழலும் திசையில் அபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனையில் அறைகளைப் பிரிக்கும் பட்டை) முதலில் கடப்பது ட்ரெயிலிங் பிளக்கை, பிறகுதான் லீடிங்கை. சீல் ட்ரெயிலிங் துளையைக் கடக்கும்போது அதன் இரு பக்கத்து அறைகளுக்கும் அழுத்த வித்தியாசம் அதிகம். துளை பெரிதாக இருந்தால் வாயு அதன் வழியே கசியும். அதனால் மஸ்டா அந்தத் துளையைச் சின்னதாக வைத்தது. பெரிய துளையுள்ள லீடிங்தான் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. ட்ரெயிலிங்கை அணைத்தால் சுற்று கொஞ்சம்தான் குறையும்; லீடிங்கை அணைத்தால் நன்றாகவே தெரியும்.

இதிலிருந்து பிரிக்கும் முறை தானாக வந்துவிடுகிறது. ஏ அமைப்பு இரண்டு ரோட்டரின் லீடிங்கையும், பி அமைப்பு இரண்டின் ட்ரெயிலிங்கையும் ஓட்டட்டும். ரோட்டருக்கு ஒன்று என்று ஒருபோதும் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்து ஒன்று போனால் ஒரு ரோட்டர் முழுதாகச் செத்துவிடும். மற்றது அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். எரியாத பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குள் கொட்டும். கியர் பெட்டி குலுங்கும். ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும்: ஏ கம்ப்யூட்டரே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையும் ஓட்டுகிறது என்றால், அது சாகும்போது பெட்ரோலும் நிற்கும். பி-யின் பொறியால் அப்போது ஒரு பயனும் இல்லை. இன்ஜெக்டர் பொறுப்பு பி-க்குக் கைமாற ஒரு சுவிட்சோ ரிலேயோ இருந்தாக வேண்டும்.

இனி காயில். கார் காயில் தாங்கும், கணக்குப் போட்டு வாங்கினால். காயிலுக்குள் மின்னோட்டம் ஏறும் நேரத்தை ட்வெல் என்கிறோம். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களின் எல்எஸ் வகைக் காயில்களுக்கு 14 வோல்ட்டில் ஏறத்தாழ 4 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்பிஎம்-இல் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. பிளக்குக்கு ஒரு காயில் என்றால் 4 ஏற்றம், 1 பொறி, 5 ஓய்வு. வசதியாக இருக்கிறது. இரண்டு லீடிங் பிளக்குக்கும் சேர்த்து ஒரே இரட்டைமுனைக் காயில் என்றால் அது 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை வேலை செய்ய வேண்டும். 4 ஏற்றம், 1 பொறி, ஓய்வு பூஜ்யம். காயில் கொதிக்கும். மஸ்டாவே 1986-க்குப் பிந்தைய ஆர்எக்ஸ்-7-இல் லீடிங்குக்கு அப்படிப்பட்ட இரட்டைமுனைக் காயிலை வைத்தது. அது குறைந்த ட்வெல்லுக்கென்றே செய்த காயில். விமானத்தில் நான்கு தனிக் காயில் போடுங்கள். எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ட்ரெயிலிங்குக்கு இரட்டைமுனைக் காயில் மட்டும் கூடவே கூடாது. அந்த வகையில் ஒரு ரோட்டர் எரியும் நேரத்தில் மற்ற ரோட்டரின் பிளக்கிலும் வீண்பொறி விழும். லீடிங் பிளக் அப்போது எரிந்து முடிந்த வாயுவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பொறி வீணாவதோடு சரி. ட்ரெயிலிங் சற்று மேலே இருப்பதால், சீல் அதைக் கடந்து அடுத்த அறையின் புதுக் கலவை அதன் முன் வந்து நிற்கக்கூடிய தருணம் அது. அங்கே பொறி விழுந்தால் கலவை 180 டிகிரிக்கு மேல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும்.

ட்வெல்லை அதிகமாக வைத்தால் பொறி பலமாகும் என்பது தவறான நினைப்பு. காயில் நிரம்பிய பிறகு மிச்ச மின்சாரம் வெறும் சூடு. இந்த வகைக் காயில்கள் சிலவற்றில் உள்ளே ஒரு பாதுகாப்பு இருக்கிறது; ட்வெல் வரம்பு மீறினால் கம்ப்யூட்டர் சொல்லும் முன்பே காயில் தானாகப் பொறியை விட்டுவிடும். அதாவது அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே விழும் அளவு) தானாகக் கூடிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கும்; அப்போது மட்டும் 6 மில்லி விநாடிக்கு மேல் தேவைப்படும். ஆகவே வோல்ட்டுக்கு ஏற்ப ட்வெல்லை மாற்றும் அட்டவணை உள்ள கம்ப்யூட்டராகப் பாருங்கள். காயில்களை எஞ்சினின் பிளக் பக்கத்திலோ ஃபயர்வாலிலோ (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பு) பொருத்துங்கள். 13பி-யில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், பிளக் எதிர்ப்பக்கம் என்பதால் இந்த இடம் சுலபமாகவே கிடைக்கும். இந்த எஞ்சினின் எக்ஸாஸ்ட் 900 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. அதன் வெக்கை நேராகப் படும் இடத்தில் எந்தக் காயிலும் நீடிக்காது.

சென்சாருக்கு 36 பல்லில் ஒன்று விடுபட்ட சக்கரம் போதும், புல்லி பக்கத்தில் ஷாஃப்டோடு சேர்த்து. ஒரு சக்கரத்தை இரண்டு அமைப்புகளும் பகிரலாம். அது கெட்டியான எஃகுத் துண்டு, போல்ட்டுகளைப் பூட்டிவிட்டால் எங்கும் போகாது. ஆனால் சென்சார் இரண்டு, அவற்றின் தாங்கி இரண்டு, கம்பி இரண்டு. ஹால் வகை சென்சாரையே பரிந்துரைப்பேன். காந்தச்சுருள் வகையின் சிக்னல் வேகத்தைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் 200 ஆர்பிஎம்-இல் சுற்றும்போது மெலிந்து கிடக்கும். அதன் இரண்டு கம்பியை மாற்றி இணைத்தாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும். டைமிங் மட்டும் பிசகி, வேகத்தோடு நகர்ந்துகொண்டே போகும். பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 0.8 முதல் 1 மி.மீ. விடுபட்ட பல் டிடிசி (அறை மிகச் சுருங்கி நிற்கும் ஷாஃப்ட் நிலை) அருகே வராமல் 60 முதல் 90 டிகிரி தள்ளி இருக்கட்டும். ஷீல்டு கம்பியை ஒரு முனையில், கம்ப்யூட்டர் பக்கம் மட்டும், எர்த் செய்யுங்கள்.

டிடிசி பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய ஆர்எக்ஸ்-7 புல்லியில் இரண்டு வண்ணக் குறிகள் இருக்கும். மஞ்சள், டிடிசி-க்கு 5 டிகிரி பின். சிவப்பு, 20 டிகிரி பின். இரண்டுமே டிடிசி அல்ல. மஞ்சளை டிடிசி என்று நினைத்துக் கம்ப்யூட்டரை அமைத்தால் திரையில் 20 என்று காட்டும்போது உண்மையில் 15-தான் இருக்கும்; சிவப்பை நினைத்தால் பூஜ்யம். பவர் இல்லை, எக்ஸாஸ்ட் மட்டும் கொதிக்கிறது என்று வருகிற புகார்களில் இதை முதலில் பாருங்கள். புல்லி விளிம்பின் விட்டம் 150 மி.மீ. என்றால் 5 டிகிரிக்கு 6.5 மி.மீ. மஞ்சள் குறியிலிருந்து, சுழலும் திசையில் அவ்வளவு முன்னால் வெள்ளைப் பெயிண்டில் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். அதுதான் டிடிசி. அங்கிருந்து அதே திசையில் இன்னும் 26 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. அது 20 டிகிரி அட்வான்ஸ்.

இன்னொரு குழப்பம்: மஸ்டாவுக்கு முதல் ரோட்டர் என்பது புல்லி பக்கத்து ரோட்டர். விமானத்தில் எஞ்சினைத் திருப்பி, கியர் பெட்டி முன்னால் வரும்படி வைப்பதே வழக்கம் என்பதால் அந்த 'முன்' ரோட்டர் ஃபயர்வால் பக்கம் போய்விடும். கம்பியில் எழுதும்போது 1, 2 என்று மட்டும் எழுதாமல் 'புல்லி லீடிங்', 'கியர் லீடிங்' என்றே எழுதி ஒட்டிவிடுங்கள். தனிக் காயில் அமைப்பில் இவை மாறினால் டைமிங் 180 டிகிரி பிசகும். ஸ்டார்ட் ஆகாது, உதைக்கும்.

டைமிங் எண்கள். 500 ஆர்பிஎம் வரை டிடிசி-யிலோ 5 டிகிரி பின்னோ வையுங்கள், ஸ்டார்ட்டரும் கியரும் உதை வாங்காமல் இருக்க. மேலே முழு பவருக்கு லீடிங் 20 டிகிரியில் தொடங்குங்கள். க்ரூஸில் கலவையை மெலிய வைக்கும்போது 24, 25 வரை போகலாம். அதற்கு மேல் போய்க் கிடைப்பது அற்பம். நாக்கிங் (கலவை தானாக வெடிப்பது) வந்தால் இழப்பதோ அபெக்ஸ் சீல், 2 மி.மீ. தடிப்பே உள்ள வார்ப்பிரும்பு. உடைந்த துண்டு ஹவுசிங்கை உழுதுவிட்டுத்தான் வெளியே போகும். காரில் ட்ரெயிலிங்கை 10, 15 டிகிரி தாமதமாக வைப்பார்கள். விமானத்தில் அந்த வித்தியாசத்தைப் பூஜ்யமாகவோ அதிகபட்சம் 5 ஆகவோ வையுங்கள். லீடிங் அமைப்பு செத்து ட்ரெயிலிங் மட்டும் மிஞ்சும் நேரத்தில், 5 டிகிரியில் தள்ளாடும் பொறியை நம்பி ஓடுதளத்துக்குத் திரும்ப முடியாது.

மின்சாரம். காயிலின் உச்ச மின்னோட்டம் 8 ஆம்பியர், 10 மில்லி விநாடியில் 4 ஏற்றம் என்றால், மின்னோட்டம் பூஜ்யத்திலிருந்து ஏறுவதால், சராசரி 1.6 ஆம்பியர், நான்குக்கும் 6.4. பெட்ரோல் பம்புக்கு 5, இன்ஜெக்டர், கம்ப்யூட்டருக்கு 3, 4 சேர்த்தால் 15 ஆம்பியருக்குப் பக்கம். ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டால் 18 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். பழைய பேட்டரியில் 40 நிமிடம் என்று வைத்துத் தரையிறங்கத் திட்டமிடுங்கள். ஏ, பி இரண்டுக்கும் மாஸ்டர் சுவிட்ச் வழியாகச் செல்லாமல் பேட்டரியிலிருந்தே நேரடி வழி வேண்டும். காக்பிட்டில் புகை வந்து மாஸ்டரை அணைத்தால் எஞ்சின் நிற்கக்கூடாது. இரண்டு பேட்டரி வைக்க இடமிருந்தால் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி 10 ஆம்பியர் பிரேக்கர், 1.5 சதுர மி.மீ. விமானக் கம்பி, தனி டாகிள் சுவிட்ச். கார் சாவி சுவிட்ச் வேண்டாம். அது மறுபடியும் எல்லாவற்றையும் ஒரே உறுப்பில் கட்டிவிடும்.

எல்எஸ் காயிலில் நான்கு கம்பி: 12 வோல்ட், ட்ரிகர், காயில் எர்த், சிக்னல் எர்த். காயில் எர்த் எஞ்சின் பிளாக்குக்கு, சிக்னல் எர்த் கம்ப்யூட்டருக்கு. எர்த் தானே என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் காயிலின் அதிரடி மின்னோட்டம் சிக்னல் வழியே பாய்ந்து, உயர் ஆர்பிஎம்-இல் காரணமே தெரியாத மிஸ்ஃபயர் வரும். ஏ-யின் எர்த் ஒரு போல்ட்டில், பி-யின் எர்த் வேறொரு போல்ட்டில்.

பிளக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரோட்டரிக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும். என்ஜிகே-யின் பியுஆர்7இக்யூ லீடிங்குக்கு, பியுஆர்9இக்யூ ட்ரெயிலிங்குக்கு. நீளம் கூடிய சாதாரண பிளக்கை அபெக்ஸ் சீல் வந்து அடிக்கும். இவற்றில் பக்கவாட்டில் நான்கு முனைகள் இருக்கும், வளைத்து இடைவெளி சரிசெய்ய முயலாதீர்கள். முறுக்கு 13 முதல் 18 நியூட்டன் மீட்டர். ஈயம் கலந்த ஏவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) ஊற்றினால் பிளக்கில் சீக்கிரம் அழுக்குப் பிடித்துக்கொள்ளும். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அழுக்குப் பிடித்த பிளக் ஐடிலில் நல்ல பிள்ளையாக ஓடும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது டேக்ஆஃபில்தான், கைவிடும்.

தரையில் சோதனை. வாலை நங்கூரமிட்டுக் கட்டி, டைமிங் லைட்டை (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) 1500, 3000, 5000 ஆர்பிஎம்-இல் புல்லிக் கோட்டின் மேல் பிடியுங்கள். கம்ப்யூட்டரில் டைமிங்கை 20-இல் பூட்டினால் கோடு மூன்றிலும் அசையாமல் நிற்க வேண்டும். சுற்று கூடக்கூடக் கோடு சுழலும் திசையில் நகர்ந்தால் எங்கோ தாமதம் இருக்கிறது. 6000-இல் ஒரு மில்லி விநாடிக்கு 36 டிகிரி, 50 மைக்ரோ விநாடித் தாமதமே 1.8 டிகிரி. பிறகு 3000-இல், அணைக்கும் அமைப்பு இன்ஜெக்டரை ஓட்டினால் முதலில் அதை மற்றதற்கு மாற்றிவிட்டு, ஏ-யை அணைத்துச் சுற்று எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பி-யையும் அப்படியே. லீடிங் அணைந்திருக்கும்போது எரிப்பு தாமதமாகி எக்ஸாஸ்ட் சூடேறும், ஐந்தாறு விநாடிக்கு மேல் விடாதீர்கள். இரண்டையும் சேர்த்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் குழாயில் சேர்ந்த பெட்ரோல் மஃப்ளரைப் பிளக்கும்.

ட்ரெயிலிங் அமைப்பு காற்றில் செத்தால் எஞ்சின் சத்தத்தில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அதனால் இந்த ஏ, பி சோதனை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் உண்டு. குறித்து வைத்த அளவைவிட 50 ஆர்பிஎம் கூடுதலாக இறங்கினாலும் பறக்காமல் பிளக்கைக் கழற்றுங்கள். முதல் பறப்புக்கு முன் இன்னும் ஒன்று பாக்கி: எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜெக்டரை முன்போலவே மற்ற அமைப்புக்கு மாற்றி, காக்பிட் பக்கம் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ஏ-யின் சென்சார் பிளக்கை உருவுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதைச் செருகிவிட்டு பி-யினுடையதை உருவுங்கள். அடுத்து இரண்டு பிரேக்கர்களையும் ஒவ்வொன்றாக இழுங்கள், கடைசியில் மாஸ்டரை. எதிலாவது எஞ்சின் நின்றால் வரைபடத்துக்குத் திரும்புங்கள்.