கிறிஸ்தவப் பெற்றோர்களே, குண்டுவெடிப்பு, போர், நிலச்சரிவு என்று செய்தியில் வருவதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முதலில் நான் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கோத்தகிரி பக்கம். மாமியார் இலங்கை ஹட்டனில் பிறந்தவர். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இங்கே தேயிலை வேலைக்கு வந்தார்கள். சொந்தத்தில் பாதிப்பேர் இன்னும் அங்கேதான்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர். விடியற்கால ஆராதனை முடிந்து வந்து கோழி கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார் போன் அடித்தது, அப்புறம் நிற்கவே இல்லை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சபை, கூடவே பெரிய ஓட்டல்கள், எல்லாவற்றிலும் குண்டு வெடித்திருக்கிறது. 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சீயோன் சபையில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர்.

மகளுக்கு அப்போது 8 வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. "அம்மா, அவங்க ஜெபம் பண்ணிட்டுத்தானே இருந்தாங்க?" என்றாள். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "இயேசப்பா அவங்களைத் தன்கிட்ட எடுத்துக்கிட்டாரு."

அடுத்த ஞாயிறு வயிற்றுவலி. அதற்கடுத்த ஞாயிறும் வயிற்றுவலி. மூன்றாவது வாரம் அதட்டிக் கேட்டபோதுதான் வந்தது: "சர்ச்சுக்குப் போனா என்னையும் எடுத்துக்குவாருல்ல?"

ஆறுதல் என்று நினைத்துச் சொன்னதைப் பிள்ளை எப்படிக் கேட்டிருக்கிறது பாருங்கள். பரலோகத்தை நான் நம்புகிறேன், அது வேறு. ஆனால் குண்டு வைத்தவன் செய்ததைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டேன். சரிசெய்தது மாமியார்தான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "உங்கம்மா சொன்னது தப்பு புள்ள. மனுசன் செஞ்சது அது. ஏன் விட்டாருன்னு எனக்கும் தெரியாது, நானும் அவருகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் சத்தமாகவே கேட்டார், கோபத்தோடு. சங்கீதங்களில் பல அப்படித்தானே இருக்கின்றன, நாம்தான் பிள்ளைகளுக்கு "கர்த்தர் என் மேய்ப்பர்" என்ற 23-ஐ மட்டும் மனப்பாடம் செய்யவைக்கிறோம்.

இன்னொன்றும் அந்த வாரமே வந்தது. "பாய்ங்கதானே பண்ணாங்க" என்று பள்ளியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வழக்கமாக வர்க்கி வாங்கும் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததுமே, இலங்கையில் உங்கள் ஆட்களெல்லாம் பத்திரமா என்றுதான் கேட்டார். வெளியே வந்து, "குண்டு வெச்சது ஒரு கும்பல், இவரு நம்ம பாய்" என்றேன். அதுக்கு மேல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலை. எங்கள் மாவட்டத்துப் பந்தலூரைத் தாண்டினால் வயநாடுதான், அதனால் இது தூரத்துச் செய்தி இல்லை. இங்கேயே 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். வயநாட்டுச் செய்தி வந்தபோது மகனுக்கு 8 வயது, யாரோ போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள். அவன் கேட்டது கடவுளைப் பற்றியே இல்லை: "நம்ம வீட்டுக்குப் பின்னாடி மேடு விழுமா?" விழாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விழாது என்று யார் சொல்ல முடியும்? ஜெபம் செய்தோம், மறுநாள் மழை விட்டதும் அவன் அப்பா மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய் மேட்டோரம் அடைத்துக் கிடந்த வாய்க்காலை வெட்டிவிட்டார். இவன் பழைய டப்பாவில் சேறு அள்ளிக் கொட்டினான். அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், அந்த ஊரின் பாவம்தான் காரணம் என்று ஆரம்பித்தார், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல். லூக்கா 13-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டுவிட்டு, இல்லை என்கிறார். அடுத்து மனந்திரும்பச் சொல்வது, கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களிடம். செத்தவர்கள் மேல் பழி போட அந்த வசனத்தில் இடமே இல்லை. "கர்த்தர் நம்மைக் காப்பாற்றினார்" என்று பிள்ளைகள் முன்னால் சாட்சி சொல்வதையும் நான் குறைத்துக்கொண்டேன், அப்படியானால் செத்தவர்களை ஏன் கைவிட்டார் என்பதுதான் பிள்ளைகளின் அடுத்த கேள்வி.

பெரியவளுக்கு இப்போது காஸா. படங்கள் எல்லாம் எனக்கு முன்பே பார்த்துவிடுகிறாள், மறைத்துப் பயனில்லை, கூட உட்கார்ந்து பார்க்கிறேன். அங்கே திருக்குடும்பக் கோயிலில் நூற்றுக்கணக்கானோர் ஒதுங்கியிருந்தபோது, போப் பிரான்சிஸ் தான் இறக்கும்வரை அநேகமாக எல்லா நாளும் சாயங்காலம் அவர்களுக்குப் போன் செய்தார். நாங்கள் சி.எஸ்.ஐ., போப்பின் கத்தோலிக்கச் சபை இல்லை, ஆனாலும் அதை அவளுக்குச் சொன்னேன். "என்ன பேசுவாரு?" என்றாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார் என்றதும் சிரித்துவிட்டாள், "பாட்டி மாதிரியே."

வயது வாரியாகப் பட்டியல் போட எனக்குத் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததற்குத் தெரியாது. செய்ய ஏதாவது ஒரு வேலை இருந்தால் பிள்ளைகளுக்கு நல்லது. வயநாட்டுக்குச் சபையில் கம்பளி சேர்த்தபோது மகன் தன் ஸ்வெட்டரையும் போட்டுவிட்டான், அடுத்த வாரம் குளிரில் அதையே தேடி அழுதான்.

மகள் 2019-இலிருந்து கோயிலில் பக்கக் கதவோரம்தான் உட்காருகிறாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, இடம் மாறச் சொல்லி நானும் கேட்டதில்லை. டிசம்பரில் அந்தக் கதவு வழியாகக் காற்று வந்து காதை அடைக்கும், எனக்குத்தான் மப்ளர் வேண்டியிருக்கிறது.