வாசகர் கேள்வி பதில்: டயரை எப்போ மாத்தணும்?

கேள்வி: சார், என் கார் 40,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. சர்வீஸ்ல நாலு டயரையும் மாத்திடுங்கன்னு சொல்றாங்க. எனக்குப் பாத்தா பட்டன் (டயர் மேல பள்ளங்களுக்கு நடுவுல மேடா இருக்கற ரப்பர்) இன்னும் இருக்கற மாதிரிதான் தெரியுது, பிரேக் போட்டாலும் வண்டி நல்லாத்தான் நிக்குது. நிஜமாவே மாத்தணுமா, இல்ல வியாபாரத்துக்குச் சொல்றாங்களா?

பதில்: கிலோமீட்டரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. காத்து சரியா வெச்சு நிதானமா ஓட்டறவங்க டயர் 40,000 தாண்டியும் நல்லா இருக்கும், சடார் சடார்னு பிரேக் அடிச்சு ஓட்டினா அதுக்குப் பாதியிலேயே தேஞ்சு போயிரும். அதனால டயரைத்தான் பாக்கணும், மீட்டரை இல்ல.

எப்படிப் பாக்கறதுன்னா, டயரைச் சுத்தி ஓடுற பெரிய பள்ளத்துக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க, குறுக்கால ஒரு சின்ன ரப்பர் மேடு தட்டுப்படும். கண்டுபிடிக்க முடியலைன்னா டயரோட ஓரத்துல டிடபிள்யூஐ-ன்னு எழுத்தோ சின்ன முக்கோணமோ போட்டிருப்பாங்க, அதுக்கு நேரா பள்ளத்துல தேடுங்க. அந்த மேட்டோட உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேஞ்சு தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம், நிறைய நாடுகள்ல சட்டமும் அந்த 1.6-ஐத்தான் கடைசி எல்லையா வெச்சிருக்கு. புது கார் டயர்ல பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும்.

ஆனா நான் 1.6 வரைக்கும் காத்திருக்கவே சொல்ல மாட்டேன், பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டாலே புது டயருக்கு ஏற்பாடு பண்ணுங்க. பிரேக் நல்லா பிடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அது காஞ்ச ரோட்டுல. காஞ்ச ரோட்டுல மொட்டை டயர் கூட நல்லாத்தான் பிடிக்கும், ரேஸ் கார்ல பள்ளமே இல்லாத வழவழ டயர்தான் மாட்டறாங்க, மழை வந்தா உடனே பள்ளம் வெச்ச டயருக்கு மாறிடறாங்க. பள்ளம் இருக்கறதே டயருக்கு அடியில இருக்கற தண்ணியை வெளிய தள்ளத்தான். அது ஆழம் கம்மியாயிட்டா தள்ள முடியாம, வேகமா போகும்போது டயர் ரோட்டை விட்டுத் தண்ணி மேல ஏறி மிதக்க ஆரம்பிச்சிரும், ஸ்டியரிங் திடீர்னு லேசாயிடும், பிரேக் மிதிச்சாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அப்படி ஆச்சுன்னா தயவுசெஞ்சு பிரேக்கை அழுத்தி மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து மெதுவா காலை எடுங்க.

அதனால சர்வீஸ்காரங்க சொன்னது பொய்யா நிஜமான்னு நான் இங்க இருந்து சொல்றதை விட, "பள்ளம் எவ்ளோ இருக்கு, அளந்து காட்டுங்க"ன்னு அவங்களையே கேளுங்க. உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூணு இடத்துலயும் அளக்கச் சொல்லுங்க. வெளிப்பக்கம் நல்லா இருந்து, நம்ம கண்ணுக்குத் தெரியாத உள்பக்கம் கம்பி தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்கறது ரொம்ப சகஜம்.

கேள்வி: அப்படி ஒரு பக்கம் மட்டும்தான் தேஞ்சிருக்கு. புது டயர் போட்டா சரியாயிடுமா?

பதில்: ஆகாது, புது டயரும் அதே மாதிரிதான் தேயும். ஒரு ஓரம் மட்டும் தேஞ்சா அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரம் நிக்கற கோணம் சரியில்ல. ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க, நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம். அங்கங்க திட்டுத் திட்டா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் பாக்கச் சொல்லுங்க. முதல்ல காரணத்தைச் சரி பண்ணுங்க, அப்புறம் டயருக்குச் செலவு பண்ணுங்க.

கேள்வி: வண்டி அதிகமா ஓடல. பட்டன் புதுசு மாதிரியே இருக்கு, ஆனா வாங்கி 7 வருஷம் ஆச்சு.

பதில்: ரப்பர் நிறுத்தி வெச்சிருந்தாலும் பழசாகும், வெயிலும் காத்தும் பட்டு இறுகிப் போயிரும். டயரோட பக்கவாட்டுல டிஓடி-ன்னு ஆரம்பிக்கற வரியைப் பாருங்க, கடைசி நாலு எண்தான் பொறந்த தேதி. 3219-ன்னு இருந்தா 2019-ல 32-வது வாரம். சில டயர்ல ஒரு பக்கம் மட்டும்தான் முழுசா போட்டிருப்பாங்க, வெளிய தெரியலைன்னா உள்பக்கம் பாருங்க. 5 வருஷத்துக்கு மேல ஆனா வருஷா வருஷம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டறது, 10 வருஷம் ஆனா பட்டன் எவ்ளோ இருந்தாலும் கழட்டிடறதுன்னு பல டயர் கம்பெனிகளே சொல்லுது, சில கார் கம்பெனிகள் 6 வருஷத்துலயே மாத்தச் சொல்றாங்க. உங்களுக்கு 7, அதனால பக்கவாட்டுல பொடிப்பொடியா வெடிப்பு இருந்தா யோசிக்கவே வேண்டாம், மாத்திருங்க.

கேள்வி: குழியில இறங்கினதுல இருந்து டயர் பக்கவாட்டுல சின்னதா ஒரு வீக்கம். ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க. உள்ள இருக்கற நூல் அடுக்கு அறுந்து, அந்த இடத்துல காத்தை வெறும் ரப்பர்தான் தாங்கிக்கிட்டு இருக்கு, எப்ப வேணா வெடிக்கும். பஞ்சர் ஒட்டற மாதிரி ஒட்டவும் முடியாது. இப்பவே ஸ்டெப்னியை மாட்டுங்க.

கேள்வி: இப்போதைக்கு ரெண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னாடிதானே போடணும்?

பதில்: பின்னாடி போடுங்க, முன் வீல் இழுக்கற வண்டியா இருந்தாலும் பின்னாடிதான். ஈர ரோட்டுல முன்பக்கம் வழுக்கினா வேகத்தைக் குறைச்சு சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திரும். நாலு வீலும் இழுக்கற வண்டின்னா மட்டும் ரெண்டு வாங்கறதுக்கு முன்னாடி மேனுவலைப் பாருங்க, புதுசு பழசு சைஸ் வித்தியாசம் கியர் பாகங்களைக் கெடுத்துரும். அப்படியே ஸ்டெப்னியோட தேதியையும் பாத்துருங்க, ஓடாம கிடந்தாலும் அதுக்கும் அதே வயசுக் கணக்குதான்.